செம்பனை முள் கீறிய கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு வேண்டாம்

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டும்போது செம்பனை மட்டையின் முள் உங்கள் அப்பாவின் கண்ணைக் கீறியதையும், கருவிழியில் (கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கார்னியாவில்) பூஞ்சைத் தொற்று என்று மருத்துவர் நாட்டாமைசின் சொட்டு கொடுத்தும் சிவப்பு குறையாததால், பக்கத்து வீட்டார் தந்த, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டை விடலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதையும் படித்தேன். தயவுசெய்து விடாதீர்கள்.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் கிடையாது. முள் அதன் மேற்படலத்தைக் கிழித்ததும் பூஞ்சை வித்து உள்ளே இறங்கி, முளைத்து, இழையாக நீள்கிறது. அப்போது வெளிப்படும் பீட்டா-குளுக்கான் என்ற சுவர்ப்பொருளை டெக்டின்-1 என்னும் ஏற்பியால் அடையாளம் காணும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் செய்தி அனுப்ப, கருவிழியின் விளிம்பிலுள்ள குழாய்களிலிருந்து நியூட்ரோபில் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவை ஆக்சிஜனிலிருந்து நச்சு மூலக்கூறுகளை உருவாக்கி இழைகளைத் தாக்குகின்றன. பூஞ்சைக்குத் தேவையான இரும்பும் துத்தநாகமும் கிடைக்காதபடி பிடித்து வைத்துக்கொள்கின்றன. இத்தொற்றில் கருவிழியில் தெரியும் சாம்பல் வெள்ளைத் திட்டில் இந்த அணுக்களும் திரண்டிருக்கும்.

அதே வெள்ளணுக்களின் நொதிகள் கருவிழியைத் தாங்கும் கொலாஜன் நாரையும் கரைத்துத் தழும்பை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூஞ்சை உயிரோடு இருக்கும்போது ஸ்டீராய்டு அந்த அணுக்களை முடக்கிவிடும். சிவப்பு குறைந்தது போல் தெரிந்தாலும் பூஞ்சை ஆழமாகப் பரவும். நாட்டாமைசின் மெதுவாகவே உட்புகும் என்பதால் குணமாகப் பல வாரங்கள் ஆகலாம். மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் ஊற்றுங்கள். பார்வை மங்கினாலோ, கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கினாலோ, அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே ஈப்போ பொது மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.