குவாரி முதலாளி நீட்டும் ஐம்பதாயிரம்

கேள்வி: அப்பாவுக்கு 50 வயது. கல்குவாரியில் 20 வருடம் ஜாக்ஹாமர் பிடித்துத் துளை போட்டவர். மாதம் 18,000 ரூபாய் கூலி. இரண்டு முறை காசநோய் மருந்து சாப்பிட்டும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. போன மாதம் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் என்றார். முதலாளி 50,000 ரூபாய் தருகிறாராம். இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று பத்திரத்தில் எழுதித் தர வேண்டுமாம். வாங்கிக் கடனை அடைக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கடன் நெருக்கடி புரிகிறது, ஆனாலும் அந்தப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாதுதான். ஆனால் நாளை விசாரணையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

கல்குவாரியும் சட்டத்தின் கண்ணில் சுரங்கம்தான். தொழிலாளிக்கு சிலிகோசிஸ் வந்தால் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது இது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்த மருத்துவருக்கும் தனியாக இதே கடமை உண்டு. அதனால் முதலாளி அசையாவிட்டால் மருத்துவரிடம் போய், அறிக்கை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை.

சரி, சட்டப்படி கேட்கக்கூடிய இழப்பீட்டுத் தொகைக்கு வருவோம். அப்பாவால் இனி வேலையே செய்ய முடியாது என்று சான்று கிடைத்தால், கணக்கில் எடுக்கும் மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். மத்திய அரசின் 2020 அறிவிப்பின்படி இந்தக் கணக்கில் கூலிக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. 50 வயதுக்குக் காரணி 153.09. பெருக்கினால் 13,77,810 ரூபாய்! உழைப்புத் திறனில் 40 சதவீதம்தான் போனது என்று மதிப்பிட்டால்கூட 5,51,124. ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே. தொகையை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

அப்பா பல குவாரிகளில் வேலை பார்த்திருந்தாலும் கவலை வேண்டாம். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் அந்த முதலாளிகளிடையே பொறுப்பைப் பிரித்துத் தருவார். மேஸ்திரி மூலம் போனவர், ரெஜிஸ்டரில் பெயர் இல்லை என்பார்கள். முன்பணம் எழுதிய நோட்டு, வங்கிப் பாஸ்புக், குவாரியில் எடுத்த புகைப்படம், கூட வேலை செய்த இருவரின் வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். குவாரி மருத்துவப் பரிசோதனையில் தரும் ‘ஃபார்ம் ஓ’ வீட்டில் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

மனுவைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அப்புறம், எக்ஸ்ரே படத்தின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.