மூன்று ஓட்டு, மூன்று வேட்பாளர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, கட்சியின் வேட்பாளர் யார் என்று மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்லும் அமெரிக்க பிரைமரி தேர்தலைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, குடியுரிமை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. அடுத்த அதிபர் பிரைமரிதான் என் முதல் ஓட்டு. எனக்கு முற்போக்கான வேட்பாளர்களைத்தான் பிடிக்கிறது. ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் ‘ஜெயிக்கிற ஆளாகப் பார்த்துப் போடு’ என்கிறார்கள். 2020-இல் நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?
*— மென்பொருள் ஊழியர், எடிசன், நியூ ஜெர்சி*

நான் இருப்பது நியூ ஹாம்ப்ஷயரில், நாஷுவா என்ற ஊரில். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். 2020-இல் அயோவாவுக்கு அடுத்து எங்களுக்குத்தான் தேர்தல் என்பதால், ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் எங்கள் பள்ளிக்கூடங்களையும் வீட்டுக் கூடங்களையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

தொழிலில் நான் பார்மசிஸ்ட். என் அரசியல் மருந்துக் கடைக் கவுண்டரில்தான் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே ஒரே காட்சிதான். வருடம் பிறந்ததும் காப்பீட்டின் டிடக்டிபிள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்தத் தொகையை நம் கையிலிருந்து கட்டி முடிக்கும்வரை காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. டிசம்பரில் சின்னத் தொகை கொடுத்து இன்சுலின் வாங்கிப் போனவர், ஜனவரியில் அதே குப்பிக்கு முந்நூறு டாலரை நெருங்கும் விலையைக் கேட்டு அப்படியே நிற்பார். அந்த 2020 ஜனவரியில் ஒருவர் வந்தார். கூரை போடும் வேலை செய்பவர், நாற்பது வயது இருக்கும், டைப் 1 சர்க்கரை நோய். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காமல், ‘பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்?’ என்றார். கூடவே கூடாது என்று சொல்லி, தயாரிப்பு நிறுவனத்தின் உதவித் திட்டத்துக்கான விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று அவர் குப்பி வாங்காமல்தான் போனார். மறு மாதம் பிரைமரி.

அதனால் வேட்பாளர்களிடம் நான் பார்த்தது இன்சுலினைத்தான். பெர்னி சாண்டர்ஸ் 2019 ஜூலையில் சர்க்கரை நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டெட்ராய்டிலிருந்து கனடாவின் வின்ட்சருக்குப் போனார். அதே மருந்து அங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலை. மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. தனியார் காப்பீட்டையே எடுத்துவிட்டு எல்லோருக்கும் மெடிகேர் என்பது அவர் திட்டம். அது நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். எலிசபெத் வாரனும் அந்த மசோதாவை ஆதரித்தவர். ஆனால் அவர் கூடுதலாக ஒன்று சொன்னார். இப்போதே அதிபர் கையில் இருக்கும் சட்ட அதிகாரங்களை வைத்து, பதவியேற்ற முதல் நாளிலேயே இன்சுலின் போன்ற மருந்துகளின் விலையைக் குறைக்கும் வேலையைத் தொடங்குவேன் என்றார். அரசாங்கமே மருந்து தயாரிக்கலாம் என்று 2018 கடைசியிலேயே ஒரு மசோதாவும் கொண்டுவந்திருந்தார். கவுண்டரில் நிற்கும் எனக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் பட்டது. நாடாளுமன்றம் கூடி, விவாதித்து, நிறைவேற்றும்வரை அந்தக் கூரைக்காரரால் காத்திருக்க முடியாது.

வாரனிடம் குறையும் இருந்தது. 2019 நவம்பரில் எல்லோருக்கும் மெடிகேருக்கான நிதிக் கணக்கை வெளியிட்டார். பத்து ஆண்டுக்கு 20.5 டிரில்லியன் டாலர் புதுச் செலவு, நடுத்தர வர்க்கத்துக்கு வரி உயர்வு இல்லை என்றார். இரண்டே வாரத்தில், முதலில் விரும்பியவர்கள் சேரும் திட்டம், முழு மாற்றம் மூன்றாம் ஆண்டில் என்று மாற்றிச் சொன்னார். சாண்டர்ஸ் பக்கம் நின்ற நண்பர்கள் ‘பார், பின்வாங்கிவிட்டார்’ என்றார்கள். எனக்கும் அது கசப்பாகத்தான் இருந்தது. சாண்டர்ஸ் முப்பது வருடமாக ஒரே பேச்சு பேசுகிறவர் என்பதன் மதிப்பு அப்போதுதான் புரிந்தது. ஆனால் அவருக்கு வயது 78, அந்த அக்டோபரில்தான் மாரடைப்பு வந்திருந்தது. இப்படி இரண்டு பேரையும் மாற்றி மாற்றி எடைபோட்டே குளிர்காலம் போனது.

இப்போது உங்கள் அலுவலகப் பேச்சுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வாரனுக்காகக் கூட்டம் நடந்தது. காபி குடித்துக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக, ‘எனக்கு இவரைத்தான் பிடிக்கும், ஆனால் ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் போட மாட்டார்களே’ என்றார்கள். அந்த ‘மற்றவர்கள்’ யாரும் அந்த அறையில் இல்லை. பிடித்திருந்தும் போடாமல் இருக்கப் போகிறவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அது ஆறவில்லை. இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவில் இருக்கும், நாம் பார்த்தே இராத ஒருவரின் மனதை ஊகித்து நம் ஓட்டைப் போடுவது நம் ஓட்டை அவருக்குத் தானம் செய்வது போல. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அது ஊகம் இல்லை, ஜனநாயகக் கட்சியின் விதி. ஒரு மாநிலத்தில் 15 சதவீத ஓட்டாவது வாங்காத வேட்பாளருக்கு மாநில அளவிலான பிரதிநிதிகளில் ஒருவர்கூடக் கிடையாது. தொகுதி அளவிலும் அதே 15 சதவீதம்தான். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிரதிநிதிகள்தான். தேர்தலுக்கு முந்தைய வாரக் கருத்துக்கணிப்புகளில் வாரன் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார். சாண்டர்ஸ் முன்னணியில் இருந்தார்.

பிப்ரவரி 11. எங்கள் வார்டு பள்ளிக்கூடம். காகித ஓட்டுச் சீட்டில் 33 பெயர்கள். வாரன் பெயரைத் தேடி, கண்டுபிடித்து, பேனாவை அங்கே கொண்டுபோனேன். அப்புறம் கையை நகர்த்தி சாண்டர்ஸ் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நிரப்பினேன். என் மகளுக்கு அப்போது 19 வயது. அவள் வாரனுக்குப் போட்டாள். என் வீட்டுக்காரர் நான்கு நாள் முன்பு மான்செஸ்டரில் நடந்த விவாதத்தைப் பார்த்துவிட்டு ஏமி குளோபுச்சருக்குப் போட்டார். அன்று இரவு வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேச்சே இல்லை.

நீங்கள் தமிழ்ப்பெண். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸுக்கு ஏன் போடவில்லை?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி*

அவர் 2019 டிசம்பர் 3-ஆம் தேதியே விலகிவிட்டார் ஐயா. யாரும் ஒரு ஓட்டும் போடுவதற்கு முன்பே. மனு தாக்கல் அதற்கு முன்பே முடிந்திருந்ததால் எங்கள் சீட்டில் பெயர் மட்டும் இருந்தது. அவர் அம்மா சியாமளா கோபாலன் பத்தொன்பது வயதில் தனியாக பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். அந்தக் கதை இங்கே வந்து வாழ்கிற என் போன்ற பெண்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லி முடியாது. ஆனால் மருத்துவக் காப்பீட்டில் கமலாவின் நிலை அந்த ஒரே வருடத்தில் பல தடவை மாறியது. கடைசியில் தனியார் நிறுவனங்களையும் வைத்துக்கொண்டு பத்து ஆண்டில் மாறுவது என்ற திட்டத்துக்கு வந்தார். அவர் போட்டியில் நீடித்திருந்தாலும், அந்தப் பிரைமரியில் நான் அவருக்குப் போட்டிருக்க மாட்டேன்.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், 2020 ஜனவரியில் சாண்டர்ஸை ஆதரித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பாசம் என்று பார்த்தால் எனக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

நம் நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமைதான் அறிவிக்கும். அங்கே கட்சியில் உறுப்பினர் அட்டை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாமா?
*— கல்லூரி மாணவி, திண்டுக்கல்*

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எங்கள் மாநிலத்தில் எந்தக் கட்சியையும் சேராமல் பதிவு செய்துகொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான். பிரைமரி அன்று சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள். வாங்கியதும் அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவீர்கள். ஓட்டுப் போட்டுவிட்டு, வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மறுபடி கட்சி சாராதவர். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் இதைத்தான் செய்கிறார். சந்தா கிடையாது, அட்டை கிடையாது.

இதில் ஏமாற்றமும் உண்டு. 2024-இல் கட்சியின் தேசியக் குழு தெற்கு கரோலினாவைப் பிரைமரி வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. எங்கள் மாநிலம் கேட்காமல் ஜனவரி 23 அன்றே தேர்தலை நடத்தியது. ஜோ பைடன் பெயர் சீட்டிலேயே இல்லை. மக்கள் கையால் எழுதிப் போட்டு அவரை ஜெயிக்க வைத்தார்கள். தலைமை எதையும் தீர்மானிப்பதில்லை என்று நினைத்துவிடாதே அம்மா. ஆனால் மக்கள் சொல்வதற்கு ஒரு நாள் இருக்கிறது, அது எனக்குப் பெரிய விஷயம்.

வாரனுக்கு உங்கள் மாநிலத்தில் ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை என்று படித்தேன். அப்படியானால் அவருக்குப் போட்டவர்களின் ஓட்டு வீண்தானே?
*— வாசகர், டொரொன்டோ*

இதே கேள்வியை மறுநாள் காலை நான் என் மகளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாரனுக்கு 9.2 சதவீதம், பிரதிநிதி இல்லை. சாண்டர்ஸ் 25.6, இன்னொரு வேட்பாளரான பீட் பூட்டிஜெஜ் 24.3. இடைவெளி நாலாயிரம் ஓட்டுக்கும் குறைவு. குளோபுச்சர் கிட்டத்தட்ட 20.

‘சரி அம்மா, உன் ஆளுக்கு எத்தனை பிரதிநிதி?’ என்று திருப்பிக் கேட்டாள். ஒன்பது. ‘பூட்டிஜெஜுக்கு?’ அவருக்கும் ஒன்பது. குளோபுச்சருக்கு ஆறு. நான் மனம் மாற்றிப் போட்ட அந்த ஓட்டு ஒரு பிரதிநிதியைக்கூட அசைக்கவில்லை. அவளுடையதும் அசைக்கவில்லை, ஆனால் அவள் தனக்குப் பிடித்தவருக்குப் போட்டிருந்தாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலினாவில் பைடன் பெரிதாக ஜெயித்தார். பூட்டிஜெஜும் குளோபுச்சரும் அடுத்தடுத்த நாளில் விலகி அவர் பின்னால் நின்றார்கள். வாரன் தன் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாவதாக வந்து, மார்ச் 5-இல் விலகினார். சாண்டர்ஸ் ஏப்ரல் 8-இல்.

நான் போடாத பைடன்தான் 2022-இல் கையெழுத்திட்ட சட்டத்தில், மெடிகேர் உள்ளவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று வந்தது. சாண்டர்ஸும் வாரனும் மேடைக்கு மேடை இன்சுலினைப் பற்றிப் பேசியிராவிட்டால் அது வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். அந்த வரம்பு கூரை போடுபவருக்குப் பொருந்தாது, அவர் மெடிகேர் வயதில் இல்லை. 2023-இல் தயாரிப்பாளர்கள் விலையைக் குறைத்த பிறகுதான் அவர் முழு அளவு மருந்தை எந்தப் பேச்சும் இல்லாமல் வாங்கிப் போக ஆரம்பித்தார்.

அந்தப் பிப்ரவரி திரும்பி வந்தால் வாரனுக்குத்தான் போடுவேன். மகளிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.