கப்பி வளர்க்கும் பையனுக்கு எந்த குரூப்?

வணக்கம் அம்மா. பத்தாம் வகுப்பு முடித்த மகன் கப்பி என்ற சின்ன வண்ண மீன்களை வளர்க்கும் மொட்டை மாடித் தொட்டிகளோடே கிடக்கிறான், பதினொன்றில் எந்த குரூப் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே அவன் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. எனக்கு வேண்டியது அதில்தான் இருந்தது.

"நீல ஆண், கடையில் வாங்கிய பெண். 34 குட்டி. வளர்ந்த ஆண்களில் மூன்றுதான் நீலம். ஏன்?" என்று எழுதி, "ஏன்" என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறான். வெறும் விளையாட்டுப் பிள்ளை எண்ணிக்கை குறித்து வைக்க மாட்டான் அம்மா.

அவன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவனிடம் படித்துக் காட்டுங்கள். கடைத் தொட்டியில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பில் வைத்திருந்து, ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆக, அந்த 34-இல் பலவற்றுக்கு அப்பன் வேறு எவனோவாக இருக்கலாம். இரண்டாவது, பெண் மீனுக்கு உடம்பில் நிறம் அதிகம் தெரியாதே தவிர, நிறத்துக்கான மரபணுக்கள் அதனிடமும் உண்டு. பொலிகாளை பால் கறக்காது, ஆனாலும் அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? அப்படித்தான் பெண் கப்பியை எடுக்கும்போது அதன் அண்ணன் தம்பிகளின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

1920-இல் டென்மார்க்கில் யோஹன்னஸ் ஷ்மித் என்பவர், ஆண் கப்பியின் ஒரு கரும்புள்ளி அப்பனிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே போவதைக் கண்டு எழுதினார். ஆணிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோம் வழியாக ஒரு பண்பு இறங்குவதற்குக் கிடைத்த மிக முந்தைய சான்றுகளில் அது ஒன்று. எல்லா நிறமும் அப்படி இறங்குவதில்லை. சில, ஆண் பெண் இரண்டிலும் உள்ள எக்ஸ் குரோமோசோம் வழியாகவும், சில மற்ற குரோமோசோம்கள் வழியாகவும் வரும். அதனால் அவன் கணக்கு இன்னும் சுவையாகும்.

சரி, குரூப் விஷயம். கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று அவன் அப்பா சொல்வதில் உள்ள கவலை எனக்குப் புரிகிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடுக்கச் சொல்லுங்கள். பொறியியல் கதவும் மூடாது, மீன்வளப் படிப்புக்கும் வழி இருக்கும். உயிரியலை விட்டுவிட்டால் இரண்டாவது போய்விடும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி போன்ற ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே தரும் மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடப் படிப்பு, நீட் தேவையில்லை. முடித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. மூலம் மீன்துறை ஆய்வாளர் பணிக்குப் போகலாம். மேலே படிக்க நினைத்தால், மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் மீன் மரபியலும் இனப்பெருக்கமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. உங்கள் மகனின் நோட்டு போய்ச் சேர வேண்டிய இடம் அது என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளைப் பார்த்துவிட்டு, படிப்பை நிறுத்தி மீன் விற்கிறேன் என்று அவன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண கப்பிக்கு விலை குறைவு, ஒரு நோய் வந்தால் தொட்டியே காலியாகும். தொழில் செய்யட்டும், படிப்போடு செய்யட்டும்.

இந்த விடுமுறையில் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். புதிதாகப் பிறக்கும் குட்டிகளை மூன்று வாரத்துக்குள் பிரிக்கத் தொடங்க வேண்டும். அடித்துடுப்பு குச்சிபோல் நீள ஆரம்பித்தால் ஆண். விசிறிபோலவே இருந்து வயிற்றடியில் கருநிழல் தெரிந்தால் பெண். அப்படித் தனியே வளர்த்த பெண்ணோடு அதே நீல ஆணை விட்டு, பிறப்பதையெல்லாம் எண்ணி எழுதட்டும். ஆண்களுக்கு நிறம் ஏற ஒன்றரை இரண்டு மாதம் பிடிக்கும். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு அவனையும் அவன் அப்பாவையும் என்னிடம் வரச் சொல்லுங்கள்.