மேயராலும் அசைக்க முடியாத போலீஸ் சீஃப்

கேள்வி: பொது நிர்வாகம் முதுகலை படிக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவராக இருந்த டேரில் கேட்ஸ் பற்றி செமினார் கொடுக்க வேண்டும். ராட்னி கிங்கை போலீசார் அடித்த வீடியோவை உலகமே பார்த்த பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர் எப்படிப் பதவியில் நீடித்தார்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீடியோவில் தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கே தொடங்கி, கேட்ஸ் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றத்தில் போய் முடிகிறார்கள். நீங்கள் நகரச் சாசனத்தில் (நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டம்) தொடங்குங்கள்.

நம்மூரில் ஒரு கமிஷனரை மாற்ற ஒரு அரசாணை போதும். அதே கண்ணோடு அங்கே பார்த்தால் ஒன்றும் புரியாது. 1930களில் அந்த நகர நிர்வாகமும் போலீசும் லஞ்சத்தில் ஊறிக் கிடந்தன, அதனால் அரசியல்வாதிகளின் கை படாமல் இருக்கட்டும் என்று சீஃப் பதவிக்கு சிவில் சர்வீஸ் பாதுகாப்பு கொடுத்தார்கள். பதவிக்குக் கால வரம்பு கிடையாது. தக்க காரணத்தை விசாரணையில் நிரூபித்தால்தான் நீக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். 1949இல் வேலைக்குச் சேர்ந்து, அன்றைய சீஃப் வில்லியம் பார்க்கருக்குக் கார் ஓட்டி, 1978இல் அதே நாற்காலியில் உட்கார்ந்த கேட்ஸுக்கு அது இரும்புக் கவசமாகிவிட்டது. எப்போதாவது போதைப்பொருள் எடுப்பவர்களைச் சுட வேண்டும் என்று 1990இல் செனட் குழு முன்னால் பேசிவிட்டு வந்தும் நாற்காலி அப்படியே இருந்தது!

1991 மார்ச் 3இல் ராட்னி கிங் சம்பவம். ஏப்ரலில் போலீஸ் கமிஷன் (மேயர் நியமிக்கும் 5 பேர் குழு) கேட்ஸை 60 நாள் விடுப்பில் அனுப்பியது. நகர மன்றம் அவர் பக்கம் நின்றது, நீதிமன்றம் வழியாகச் சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டார். மேயர் டாம் பிராட்லி வெளிப்படையாகவே ராஜினாமா செய்யச் சொல்லியும் நடக்கவில்லை, அவரே முன்னாள் போலீஸ் லெப்டினென்ட் என்பது தனி வேடிக்கை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் துறையை ஆராய அமைத்த கிறிஸ்டோபர் கமிஷன் ஜூலையில் தந்த அறிக்கையை மட்டும் தவறாமல் படியுங்கள். 1986 முதல் 1990 வரை அத்துமீறல் புகாருக்கு ஆளான சுமார் 1,800 போலீசாரில் 44 பேர் மீது ஆளுக்கு 6 அல்லது அதற்கு மேல் புகார்கள். பெயர்கள் துறையின் கணினியிலேயே இருந்தன, தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்ஸ் மீதான கனமான குற்றச்சாட்டு என் கணக்கில் இதுதான்.

அப்புறம் 1992 ஏப்ரல் 29. அடித்த போலீசாருக்கு மதியம் விடுதலைத் தீர்ப்பு, சாயங்காலம் ஃப்ளாரன்ஸ்–நார்மண்டி சந்திப்பில் ஒரு கும்பல் லாரியை மறித்து ஓட்டுநரை இழுத்துப்போட்டு அடிக்கிறது, போலீஸ் அங்கிருந்து ஏற்கெனவே பின்வாங்கியிருந்தது. சீஃப் எங்கே? பிரென்ட்வுட்டில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில். எதற்கு நிதி? சீஃப் பதவிக்குக் கால வரம்பு கொண்டுவரும் ‘திருத்தம் எஃப்’ஐத் தோற்கடிக்க. கலவரத்தில் 50 பேருக்கு மேல் செத்தார்கள். ஜூனில் திருத்தம் ஜெயித்தது, அந்த மாதக் கடைசியில் கேட்ஸ் விலகினார்.

இப்போது சீஃப் பதவிக்காலம் 5 ஆண்டு, மறுபடி ஒரே ஒரு தடவை நீட்டிப்பு. அடுத்து வந்த வில்லி வில்லியம்ஸுக்கும், அவருக்குப் பின் வந்த பெர்னார்ட் பார்க்ஸுக்கும் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை. கடைசி ஸ்லைடில் இவர்களை வையுங்கள். ஸ்வாட் படையை (ஆபத்தான சூழலுக்கான சிறப்பு ஆயுதப் பிரிவு) கேட்ஸ்தானே உருவாக்கினார் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஆமாம், அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள், அங்கே மாட்டிக்கொண்டால் சாசனத்தைப் பேச நேரம் இருக்காது.