யாழ்ப்பாணத்துப் பழைய தருமச் சங்கங்களின் வரலாறு என்ன? அவற்றை நம்பிக் காசு கொடுக்கலாமா?

நீங்கள் வெளிநாட்டில் இருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் இருப்பவர் இரண்டாவது கேள்வியை இணையத்தில் கேட்க மாட்டார், நேரே பொருளாளர் வீட்டு முற்றத்தில் நின்று கேட்பார். எங்கள் வீட்டு முற்றத்தில் கேட்டிருக்கிறார்கள்.

வரலாறு சுருக்கமாக: 1877 பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1888இல் சைவபரிபாலன சபை, 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம். பின்னையதற்குப் பள்ளிக்கூடங்கள்தான் பெரிய வேலை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவற்றை அரசு எடுத்துக்கொண்டது. சைவத்தை மட்டும் சொல்கிறான் என்று யாரும் வர வேண்டாம். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததும், அதைத் தமிழிலேயே படிப்பித்ததும் எனக்கும் தெரியும்.

ஆனால் பெரிய சபைகளுக்குக் கீழே ஊருக்கு ஊர் சின்னச் சங்கங்கள் இருந்தன. எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அப்பா பொருளாளர். உலை வைக்கும்போது அம்மாமார் ஒரு பிடி அரிசியைப் புறம்பாகப் போட்டு வைப்பார்கள். வெள்ளிக்கிழமை நான் உரப்பையோடு போய் வாங்கி வருவேன். பச்சையும் புழுங்கலும் குத்தரிசியும் கலந்திருக்கும். ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், மற்றது வேகாது. அதனால் அப்பா அதைக் கடையில் விற்று, ஒரே அரிசியாக வாங்கி, ஏலாத குடும்பங்களுக்குக் கொடுத்தார். வாங்கியது, விற்றது எல்லாம் கொப்பியில் இருந்தது. இருந்தும் ஒரு பொதுக்கூட்டத்தில் எழும்பி, "தரும அரிசியில் வியாபாரம்" என்றார் ஒருவர். அவர் வீட்டில் இருந்து ஒரு பிடிகூட வந்ததில்லை. சரி, அது போகட்டும்.

போரில் ஊரே இடம்பெயர்ந்து 1995 ஒக்டோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது அப்பா கையில் எடுத்தது அந்தக் கணக்குக் கொப்பியும் பற்றுச்சீட்டுப் புத்தகமும். தையல் மெசினை விட்டுவிட்டு இதைத் தூக்கினீர்களே என்று அம்மா கடைசிவரை ஏசினார்.

அதனால்தான் சொல்கிறேன், கொடுங்கள். கணக்கு கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள், நல்லது. உங்கள் பெயர் எழுதிய மட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். பத்து வயதுப் பிள்ளை, வகுப்பில் எல்லோரிடமும் போன் இருக்கிற காலம்.

வங்கிகளைப் பற்றியும் ஒன்று. திரும்பி வந்தபோது, சங்கத்தின் வங்கிக் கணக்குக்குக் கையெழுத்துக்காரர் மூவரில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் கனடா போய்விட்டார். புதிய நிர்வாகசபையின் தீர்மானம் கொண்டு வா என்றார்கள். சபை கூட்ட ஊரில் ஆளில்லை. அப்பா நாலு முறை சைக்கிளில் போய் வந்தார். அந்தப் பாஸ் புத்தகம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. மிச்சம் 1,140 ரூபாய். அப்பாவின் கொப்பியிலும் அதே 1,140தான்.