‘ஸி’ என்றால் ஆமாமா, ‘என்றால்’ஆ? – கேள்வி பதில்

‘ஸி’ என்ற ஓரசைச் சொல் ஒரு மொழியில் ‘ஆமாம்’, பக்கத்து மொழியில் ‘என்றால்’, இன்னொன்றில் ‘தன்னை’. இதைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். லத்தீனும் அதிலிருந்து பிறந்த மொழிகளும்தான் எனக்குப் பழக்கம். மற்ற மொழிகள் என்றால் பதில் சுருக்கமாகத்தான் வரும்.

ஸ்பானிஷில் ஸி என்றால் ‘ஆமாம்’ என்று படித்தேன். ஆனால் ‘மழை பெய்தால்’ என்ற வாக்கியமும் ஸி என்றே தொடங்குகிறதே?

இரண்டும் வேறு சொற்கள். உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் ‘ஆமாம்’, இல்லாவிட்டால் ‘என்றால்’. சாய்கோட்டுடன் இன்னொரு ஸியும் உண்டு. ‘தனக்காக’ என்பது போன்ற இடங்களில் வரும் ‘தன்’ அது. பேச்சில், ‘ஆமாம்’ ஸியில் அழுத்தம் விழும்; ‘என்றால்’ ஸி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படும் காட்டலான் மொழியில் 2016ல், பொருள் பிரிப்பதற்காக மட்டும் போட்டுவந்த இத்தகைய குறிகளைப் பெரும்பாலும் நீக்கி, 15 சொற்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த 15ல் ஸியும் ஒன்று.

இரண்டுக்கும் மூலம் ஒன்றா ஐயா?

நல்ல கேள்வி. லத்தீனில் ‘ஸீ’ என்றால் ‘என்றால்’. ‘ஸீக்’ என்றால் ‘இப்படி’. ‘ஆமாம்’ என்ற ஸி இரண்டாவதிலிருந்து வந்தது.

லத்தீனில் ‘ஆமாம்’ என்பதற்கென்றே பொதுவான ஒரு சொல் இருக்கவில்லை. ‘வருகிறாயா?’ என்றால் ‘வருகிறேன்’ என்று வினையையே திருப்பிச் சொல்வார்கள், நம்மைப் போல. போர்ச்சுகீசியர்கள் இன்றும் அப்படித்தான். இல்லையென்றால் ‘அப்படித்தான்’ என்ற பொருளில் ‘இடா’, ‘ஸீக்’ என்பார்கள். அந்த ஸீக் கடைசி மெய்யை உதிர்த்துவிட்டு ஸ்பானிஷிலும் இத்தாலியத்திலும் ஸி ஆனது. போர்ச்சுகீசியத்தில் அதோடு மூக்கொலியும் சேர்ந்துகொண்டது.

ருமேனியத்தின் போக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஸீக் ‘ஷி’ என்று மாறி, பொருளும் மாறி, ‘மற்றும்’ ஆகிவிட்டது. ‘அப்படியே இதுவும்’ என்று சொல்லிச் சொல்லி வந்த மாற்றம். ‘ஆமாம்’ சொல்ல ஸ்லாவிய மொழியிலிருந்து ‘தா’வை வாங்கிக்கொண்டார்கள். மற்ற மொழிகளிலும் ஸீக் ஒளிந்திருக்கிறது: ஸ்பானிய ‘அஸி’ (இப்படி), இத்தாலிய ‘கொஸி’ (இப்படி), பிரெஞ்சு ‘ஓஸி’ (கூட).

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இன்னும் பின்னே போனால் ஸீக் என்பதே ஸீயோடு ஒரு சுட்டு ஒட்டு சேர்ந்ததுதான். ‘ஸீ’ என்பதற்கும் ஒரு காலத்தில் ‘அப்படி’ என்றே பொருள். தமிழில் ‘அப்படியானால்’ என்கிறோமே, அதே வழி. ஆகவே தூரத்துச் சகோதரர்கள். ஆனால் லத்தீன் காலத்திலேயே தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

இத்தாலியப் பலகைகளில் ‘ஸி வேந்தே’ என்று இருக்கும். ‘ஆமாம், விற்கிறது’ என்பதா?

இல்லை. ‘விற்பனைக்கு’. இது ‘தன்னை’ வழி வந்த ஸி, மேலே கோடு இல்லை. இத்தாலியத்தில் ‘என்றால்’ என்பதற்கு ‘ஸே’. அதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரெஞ்சில் ‘ஸில் வு ப்ளே’ சொல்கிறார்களே, அதில் ஸி இருக்கிறதா?

இருக்கிறது. ‘உங்களுக்குப் பிடித்தமானால்’ என்பதே அதன் சொற்பொருள். ‘இல்’ (அவன், அது), அதன் பன்மை, இவற்றின் முன்னால் மட்டும்தான் ஸி சுருங்கும். ‘எல்’ (அவள்) முன்னால் முழுசாக நிற்கும்.

ஸ்பானிய ‘ஆமாம்’ ஸியும் ‘என்றால்’ ஸியும் ஒன்றா?

இரண்டாம் பதில்.

மேற்கத்திய ஸ்வரத்தில் (தோ, ரே, மி…) வரும் ஸி?

அதற்கும் இவற்றுக்கும் உறவில்லை. 11ஆம் நூற்றாண்டில் குயிதோ என்ற இத்தாலியத் துறவி, யோவானைப் பாடும் ஒரு லத்தீன் துதிப்பாடலின் வரிகளின் முதல் அசைகளிலிருந்து ஆறு ஸ்வரங்களுக்குப் பெயர் வைத்தார். ஏழாவது பிற்பாடு வந்தது. கடைசி வரியில் வரும் ‘புனித யோவானே’ என்ற இரு சொற்களின் முதலெழுத்துகள் அவை. ஒவ்வொரு ஸ்வரமும் தனி எழுத்தில் தொடங்கட்டும் என்று ஆங்கிலேயர்கள் அதை ‘டி’ ஆக்கினார்கள்.

பிரெஞ்சில் ‘ஆமாம்’ என்றால் ‘வுயி’தானே? ஒருவர் ஸி என்றும் சொல்லலாம் என்கிறார்.

சொல்லலாம், ஆனால் இடம் பார்த்து. ‘நீ வரவில்லையா?’ என்ற எதிர்மறைக் கேள்விக்கு ‘வருகிறேன்’ என்று மறுக்கும்போதுதான் ஸி. ஜெர்மனில் அந்த வேலைக்கு ‘டோக்’, ருமேனியத்தில் ‘பா தா’. வுயி வேறு மூலம், பழைய ‘ஓயில்’. இத்தாலியக் கவிஞர் தாந்தே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஓக்’ என்பவர்கள், ‘ஓயில்’ என்பவர்கள், ‘ஸி’ என்பவர்கள் என்று ‘ஆமாம்’ சொல்லை வைத்தே மொழிகளைப் பிரித்தார். பிரான்சின் லாங்கெதோக் பகுதியின் பெயரே ‘ஓக் மொழி’தான்.

(மேலே கேட்டவரே) தேவையில்லாத குழப்பம் சார். ‘வரலையா?’ என்றால் ‘ஆமாம், வரலை’ என்கிறோம். ஒரு ‘ஆமாம்’ போதுமே.

சரி, வருகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது? ‘இல்லை, வருகிறேன்’ என்பீர்கள், அல்லது ‘வருகிறேனே’ என்று ஒரு ஏகாரம் போடுவீர்கள். அந்த ஏகாரம் செய்யும் வேலையைத்தான் பிரெஞ்சு ஸி செய்கிறது. ஆங்கிலத்திலும் முன்பு நேர்க் கேள்விக்கு ‘யே’, ‘நே’, எதிர்மறைக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று நான்கு சொற்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோர் என்ற ஆங்கில அறிஞர், பைபிளை மொழிபெயர்த்த டின்டேல் ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்று சண்டைக்கே போனார்.

தர்க்கப்படி தமிழ் முறைதான் சரி. ஐரோப்பியர்களுக்குப் புரியவில்லை.

தர்க்கத்தை விடுங்கள். கேள்வியில் உள்ள கூற்றை ஒப்புக்கொள்வது ஒரு வழி: தமிழ், ஜப்பானியம். உண்மை நிலையைச் சொல்வது இன்னொரு வழி. இரண்டிலும் ஓட்டை உண்டு. ‘கொஞ்சம் உட்கார மாட்டீர்களா?’ என்று உபசரிப்பவரிடம் உங்கள் தர்க்கப்படி ‘ஆமாம், மாட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அது கேள்வியே இல்லை, வேண்டுகோள்.

அதைத்தான் சொல்கிறேன். எதிர்மறைக் கேள்விகள் பாதிக்குப் பாதி அப்படித்தான்: உபசாரம், சந்தேகம், குற்றச்சாட்டு. கேட்பவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பது வேறு, வாக்கியத்தில் ‘இல்லை’ இருப்பது வேறு. பிரெஞ்சுக்காரர் ஸி சொன்னதுமே ‘நீ நினைத்தது தப்பு’ என்று தெரிந்துவிடும், அந்த ஒன்றுதான் அதன் லாபம். எந்த மொழியிலும் சந்தேகம் வந்தால் வினையைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இதோடு இந்த விவாதத்தை முடித்துக்கொள்கிறேன்.

சீனத்தில்?

ஒரு தொனியில் ‘நான்கு’, இன்னொரு தொனியில் ‘சாவு’. அதற்கு மேல் சீனம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

சுவாஹிலியில் ஸி என்றால் ‘அல்ல’ என்கிறார்களே! ஸ்பானிஷுக்கு நேர் எதிராக எப்படிப் போனது?

எங்கும் போகவில்லை. அது அங்கேயே பிறந்த சொல். பிலிப்பைன்ஸின் தகலோகில் ஆட்பெயருக்கு முன்னால் வரும், ஸ்லோவேனியத்தில் ‘நீ … ஆக இருக்கிறாய்’. ஓரசைச் சொற்கள் ஒலியில் மோதிக்கொள்வது சர்வ சாதாரணம். ஒலி ஒன்று என்பதால் உறவு வந்துவிடாது.

நம்ம ‘சீ!’யிலிருந்து ஸ்பானிய ஸி வந்திருக்கலாமா?

இல்லை.

திரும்பவும் கேட்கிறேன் சார், ஸி என்றால் ‘ஆமாம்’மா, ‘என்றால்’ஆ?

எந்த மொழி? மேலே கோடு இருக்கிறதா? இரண்டையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.