ஹைப்ரிட் கார் இன்ஜினை ட்யூன் செய்து புகையைக் குறைக்க முடியுமா?

கேட்டவர் தஞ்சாவூர்க்காரர். ஒரு வருடமாக ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் உள்ளது) ஓட்டுகிறார். இன்ஜினை ஆளும் கணினியான இசியூவை ரீமேப் செய்தால், அதாவது அதிலுள்ள கணக்குகளை மாற்றி எழுதினால், மைலேஜ் கூடும், புகையும் குறையும் என்று திருச்சியில் ஒருவர் சொல்கிறாராம். செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். சென்னைப் பக்கம் ஒன்பது வருடம் இன்ஜின் காலிபரேஷன், அதாவது இசியூவில் அந்தக் கணக்குகளைப் பொருத்தும் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசி நான்கு வருடம் ஹைப்ரிட்தான். இப்போது மன்னார்குடியில் வீட்டு நிலத்தையும், சித்தப்பாவின் ஹைப்ரிட் காரையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இரண்டில் எது அதிகம் படுத்துகிறது என்று கேட்காதீர்கள்.

ட்யூனிங் என்றால் நம் ஊரில் அம்பாசிடர் காலத்து நினைப்பு. கார்புரேட்டர் ஸ்குரூவைக் கால் சுற்று திருகி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டு, "இப்ப சரி" என்பார் மெக்கானிக். ஹைப்ரிடில் அந்த ஸ்குரூவுக்கு இடமே இல்லை. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்றால் 13.5 பக்கம் வரும். இந்தக் கணக்கை ஒட்டிக் கலவை நின்றால்தான், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் சேர்த்து ஒழிக்கும். ஆக்சிஜன் சென்சார் சொல்லச் சொல்ல இசியூ அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. திருச்சிக்காரர் புதிதாகத் திருத்த அங்கே எதுவும் மிச்சமில்லை.

எங்களுக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் சூட்டால். கன்வர்ட்டர் 250, 300 டிகிரிக்கு வந்தால்தான் வேலையை ஆரம்பிக்கும். அதுவரை சைலன்சரில் வருவது கிட்டத்தட்ட கழுவாத புகை. சாதாரண காரில் இந்தத் தொல்லை காலையில் ஒருமுறை. ஹைப்ரிடில் இன்ஜின் நின்று நின்று ஓடுவதால் கன்வர்ட்டர் ஆறிப்போகும் பயம் எப்போதும் உண்டு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே நிற்பது எப்படி என்று. அந்த நேரம் முழுக்க இன்ஜின் அணைந்திருப்பது லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் கேட் திறந்ததும் ஆறிப்போன கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு இன்ஜின் எழுந்தால், மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் அங்கேயே போய்விடும்.

அதற்குத்தான் காலையில் வண்டி மோட்டாரில் நகர்ந்துகொண்டு இருக்கும்போதே, இன்ஜின் மட்டும் தனியாக உறுமிக்கொண்டு இருக்கும். அது சக்கரத்துக்காக ஓடவில்லை. பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தாமதமாகக் கொடுத்து, வேண்டுமென்றே சூட்டைச் சைலன்சர் பக்கம் தள்ளுகிறது. சித்தப்பா இதைப் பார்த்துவிட்டு, "பேட்டரி நிறைய இருக்கு, எதுக்குடா பெட்ரோலைக் குடிக்குது?" என்று சண்டைக்கே வந்தார்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹைப்ரிடில் மோட்டார்தான் இன்ஜினைச் சுற்றி எழுப்புகிறது. நிமிடத்துக்கு 1,000 சுற்று வாக்கில் வந்த பிறகே பெட்ரோல் தெளிக்கும் வகைகள் உண்டு. அப்படிச் சுற்றும்போது வெறும் காற்று கன்வர்ட்டருக்குள் போய், அதில் ஆக்சிஜன் நிரம்பிவிடும். ஆக்சிஜன் நிரம்பிய கன்வர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடைத் தொடவே தொடாது. ஆகவே எழுந்தவுடன் ஒரு கணம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து அந்த ஆக்சிஜனைத் தீர்க்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு. பிஎஸ்-6 புகை விதிப்படி பெட்ரோல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு எல்லை ஒரு கிலோமீட்டருக்கு 0.06 கிராம். அந்த ஒரு கணத்துக்காக நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

பெரும்பாலான ரீமேப்பில் நடப்பது என்ன? தீப்பொறியை முன்னால் இழுப்பார்கள், முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோலைக் கூட்டுவார்கள், காலைச் சூடேற்றலை வீண் செலவென்று குறைப்பார்கள். பிக்கப்பும் பெரிதாக வராது. பல ஹைப்ரிடுகளில் இருப்பது அட்கின்சன் முறை இன்ஜின். உள்வால்வைத் தாமதமாக மூடி, இழுத்த காற்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பலத்தை விட்டுக்கொடுத்துச் சிக்கனத்தை வாங்குகிற வேலை. இழந்த பலத்தை மோட்டார் ஈடுகட்டுகிறது. ரீமேப் செய்தால் வாரன்டியும் போகும். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவிலும் மாட்டலாம்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? டெல்டாவில் இது முழுக்கத் தூசி விஷயம்.

தை மாசி அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும். பங்குனி சித்திரையில் உளுந்துச் செடியைப் பரப்பி, நம் டயரையே அடிக்க விடுவார்கள். சுணையும் தூசியும் எங்கும் புகும். இரண்டு வருடத்துக்கு முன், கழுவிப் போடலாம் என்று எண்ணெய் பூசிய பருத்தி ஏர் ஃபில்டர் ஒன்றை நானே மாட்டினேன். காலிபரேஷன்காரன் செய்யக்கூடாத வேலை. அந்த எண்ணெய் காற்றளவு சென்சார் கம்பியில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, வருகிற காற்றை அது குறைத்துச் சொல்ல ஆரம்பித்தது. இசியூ சொல்வதைப் படிக்கும் ஓபிடி டாங்கிளில் பார்த்தால், நீண்ட காலப் பெட்ரோல் திருத்தம், அதாவது கணக்கை ஈடுகட்ட இசியூ வழக்கமாகவே மாற்றிக்கொடுக்கும் அளவு, 17 சதவீதம் கூட்டலில் நிற்கிறது. பத்துக்குள் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். சென்சாருக்கென்று விற்கும் ஸ்பிரேயில் கழுவி, காகித ஃபில்டரைத் திரும்ப மாட்டியதும் நான்குக்கு வந்தது.

அதைவிட முக்கியம் பேட்டரி. எங்கள் வண்டியில் பின் சீட் ஓரம் ஒரு துவாரம் இருக்கிறது. அது வழியாகத்தான் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று போகிறது. சித்தப்பா அதன்மேல் விதைநெல் மூட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு திருவாரூர் போய் வந்திருக்கிறார், நாலைந்து நாள். பேட்டரி சூடேறினால், அதற்குள் போவதையும் அதிலிருந்து எடுப்பதையும் கண்ட்ரோலர் குறைத்துவிடும். அந்த வேலையெல்லாம் இன்ஜின் தலையில். "வண்டி ஹைப்ரிட் மாதிரியே இல்லடா" என்று வந்து நின்றார். மூட்டையை எடுத்து, துவாரத்து வலையில் இருந்த கருக்காயைத் தட்டி விட்டேன், அவ்வளவுதான். அறுவடைக் காலத்தில் மாதம் ஒருமுறை இதைப் பாருங்கள்.

அப்புறம், கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் வைக்கோல் சுற்றியிருந்தால் உடனே இறங்கி இழுத்துப் போடுங்கள். அது புகைக்காக அல்ல, தீக்காக.

புகைச் சான்றை வைத்து வண்டி சுத்தமா என்று முடிவுசெய்யவும் முடியாது. போன தடவை சென்டர்காரர் சைலன்சரில் குழாயைச் செருகிவிட்டு, "சூப்பர் சார், எல்லாம் ஜீரோ" என்றார். இன்ஜின் ஓடவே இல்லை. அவர் அளந்தது மன்னார்குடிக் காற்றை. பராமரிப்பு மோடில் போட்டு இன்ஜினை ஓடவிட்டால்தான் உண்மை அளவு வரும். அதை எப்படிப் போடுவது என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு போங்கள்.